அம்மாவிடம் மட்டும்

"தாய்ப்பால் ஒத்துக்காத குழந்தைங்களுக்குன்னே தனிப் பால் பவுடர் இருக்கும்மா. உங்க பையனுக்கு அனுப்பட்டுமா?"

போனில் முன்பின் கேட்டிராத குரல். மடியில் கிடந்த பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தான்.

"ஒத்துக்காதுன்னு யார் சொன்னா?"

"அய்யோ, உங்களுக்கு இன்னும் சொல்லலையா?" போனை வைத்துவிட்டார்கள்.

பிறந்தவுடன் ஆஸ்பத்திரியில் பிள்ளையின் குதிகாலில் ஊசியால் குத்திப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்திருந்தார்கள். முடிவு வந்ததும் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். கூப்பிடவில்லை. அவள் பிள்ளையை மார்பிலிருந்து விலக்கினாள். உதட்டோரம் வழிந்த பாலைத் துடைக்கக் கை வரவில்லை. கண்ணின் வெள்ளையில் லேசான மஞ்சள் தெரிந்தது. அல்லது ஜன்னல் வெளிச்சமா?

ஆஸ்பத்திரி எண்ணில் பாட்டு ஓடியது. அது முடிந்து ஒருத்தி வந்தாள்.

"ரிசல்ட்டெல்லாம் போன்ல சொல்ல மாட்டோம்மா. அம்மாகிட்ட மட்டும்தான்."

"நான்தான்டி அம்மா!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க." மறுபடி பாட்டு.

கணவனுக்குப் போன் அடித்தாள். "யாரோ பவுடர் விக்கிறவன், விடேன்," என்றான். மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டால், அவள் வாயைத் திறக்குமுன்பே, "பாவம், சின்ன உசுரு," என்றார். ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது, பெற்றவளுக்குத்தான் தெரியவில்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

வெளியே மழை கொட்டியது. நனைய வைக்கப் பயந்து பிள்ளையை வீட்டிலிருந்த நாத்தனாரிடம் விட்டாள். "நான் வர்ற வரைக்கும் பால் எதுவும் குடுத்துடாதே."

"சரி அண்ணி. பயப்படாம போயிட்டு வாங்க."

ஆஸ்பத்திரியில் ஈரத் துணியும் பினாயிலும் கலந்த வாடை. தலைக்கு மேலே ஒரு குழல்விளக்கு அணைவதும் எரிவதுமாய் முனகிக்கொண்டிருந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்த பரிசோதனைக்கூடப் பெண் அவள் நீட்டிய அடையாள அட்டையைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

"சொல்லியாச்சேம்மா. தாய்ப்பால் விஷம் மாதிரி, ஒரு சொட்டுகூடக் குடுக்கக் கூடாதுன்னு சொன்னோமே."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"குழந்தையோட அம்மாகிட்டதான். நேத்து வந்தாங்க. இங்கதான், நீங்க நிக்கிற இடத்துலயே நின்னு கேட்டாங்க."

"நேத்து நான் வீட்டை விட்டே வெளியில வரலை."

அந்தப் பெண் கண்ணாடியை விட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். "அப்ப... நீங்க யாரு?"

பதில் சொல்ல அவள் நிற்கவில்லை. ஓடும் வண்டியிலிருந்து நாத்தனாரைக் கூப்பிட்டாள். மழை இரைச்சலில் நாத்தனாரின் குரல் துண்டு துண்டாக வந்தது.

"ஹலோ? யாரு பேசறது?"

"நான்டி, அண்ணி! பையன் எப்படி இருக்கான்?"

"தப்பான நம்பர்ங்க. அண்ணி இப்பதான் உள்ள போனாங்க. புள்ளைக்குப் பால் குடுக்கிறாங்க."

வீட்டு வாசல் திறந்து கிடந்தது. கூடத்தில் விளக்கு இல்லை. நாத்தனார் சுவரோரமாக நின்று, யாரோ அந்நியரைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தாள். உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாதீங்க. புள்ள குடிக்கிறான்."

நாத்தனாரைத் தள்ளிவிட்டு அவள் ஓடினாள். படுக்கையறைக் கதவு. உள்ளே தாழ்ப்பாள். அடித்தாள், உதைத்தாள், தோளால் மோதினாள். கதவு அசையவில்லை. இடுக்கு வழியே பால் வாடை வந்தது.

"குடுக்காதே! திற! குடுக்காதே!"

உள்ளே யாரோ அவள் குரலில் மெல்லத் தாலாட்டினார்கள். அதனடியில், அவசரமில்லாமல், வயிறார, பிள்ளை விழுங்கும் சத்தம்.

மடக். மடக்.

அவளுடைய மார்பு நனைந்து, ரவிக்கை வழியே பால் கதவில் வழிந்துகொண்டிருந்தது.