பூஜ்ஜியம் காட்டிய வேற்றுமைமானி

இடுப்பு விட்டுப்போயிருந்தது. காலை ஆறு மணியிலிருந்து நின்றபடியே சாயத் தொட்டிகளுக்கு மடை மாற்றிக்கொண்டிருந்தாள் சந்தனமாரி.

தலைக்கு மேலே வேற்றுமைமானி தொங்கியது. பல ஊர்க்காரர்கள் ஒரே வேலையைப் பல விதமாகச் செய்யும் ஆலைகளில்தான் தண்ணீரையும் காற்றையும் காக்கும் புது வழிகள் பிறக்கின்றன என்று யாரோ கண்டுபிடித்த பிறகு, திருப்பூரில் அது இல்லாத சாய ஆலை கிடையாது. ஆட்களின் பேச்சையும் கைப்பழக்கத்தையும் அளந்து எண்ணாகச் சொல்லும். இன்று பூஜ்ஜியம் என்றது.

"ஆளுக்காள் வித்தியாசமே இல்லீங்களாமா," என்றார் மேலாளர் நாச்சிமுத்து. "ஆளை மாத்தச் சொல்லுதுங்க்கா."

"யாரை?"

"உங்களையும் பிபூதியையுந்தானுங்க."

மாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால் இந்த ஆலைக்குப் பேர் வாங்கித் தந்ததே அவர்கள் இருவரின் சண்டைதான். ஒடிசாவில் ஆற்றோரம் வளர்ந்த பிபூதி, ஒவ்வொரு அலசலுக்கும் புதுத் தண்ணீர் திறந்தான். ராமநாதபுரத்தில் ஒரு குடத்துக்கு மூன்று மைல் நடந்த மாரி, அவன் கையைத் தட்டிவிட்டாள். கடைசி அலசல் தண்ணீரை அடுத்த துணியின் முதல் அலசலுக்குப் பிடித்துவைத்தாள். தேங்கினால் நாறும் என்று அவன் அதைத் தொட்டி தொட்டியாக ஓடவிட்டான். அப்படிப் பிறந்ததுதான் படிநீர்முறை. பத்துத் தொட்டித் தண்ணீர் செலவான இடத்தில் நான்கு. உடனே நிர்வாகம் அதை விதியாக்கியது. வேறு மாதிரி செய்தவனுக்கெல்லாம் எச்சரிக்கைக் கடிதம் போனது.

"ஒரே மாதிரி செய்யின்னு திருத்துனதும் நீங்க. ஒரே மாதிரி இருக்கோம்னு வெளிய போகச் சொல்றதும் நீங்களா சார்?"

"பழையபடி ஒரு சண்டை போட்டுத்தான் பாருங்களேன்."

மாரி வேண்டுமென்றே புதுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். பழையபடி பிபூதி புதுத் தண்ணீர்தான் நல்லது என்று மெச்ச வேண்டும், அதற்கு அவள் திட்ட வேண்டும் என்று பேச்சு. ஆனால் அவன் பாய்ந்து வந்து மூடினான். "ஒனக்கு அறிவிருக்கா? தண்ணி என்ன சும்மாவா வருது?" அச்சு அசலாக மாரியின் பேச்சு. மானி அசையவில்லை.

நாச்சிமுத்து நெற்றியைத் தேய்த்தார். "ஆறு மாசம் ஊர்ல இருந்து, பழைய பழக்கத்தோட திரும்பி வாங்க்கா."

"எங்க ஊர்லயும் இப்பப் படிநீர்முறைதான். நம்ம கம்பெனிதான போட்டுக் குடுத்துச்சு."

"எங்க ஊர்லயும்," என்றான் பிபூதி.

நாச்சிமுத்து வேலையிலிருந்து விடுவிக்கும் படிவத்தை நீட்டினார். ஆலை உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி உண்டா என்று கேட்டது அதன் கடைசி வரி. படிநீர்முறை பிறந்த அன்று, உட்கார்ந்து வேலை பார்க்க ஆளுக்கொரு முக்காலி தருவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது.

மாரி இடுப்பைப் பிடித்தபடி, நின்றுகொண்டே எழுதினாள்: முக்காலி இரண்டு. இன்னும் வரவில்லை.