ஜவளகிரிக் கல்லின் மைப்படி

தேன்கனிக்கோட்டையிலிருந்து வந்த பேருந்து, 1986 புரட்டாசியில் ஒரு நாள் காலை பத்தரைக்குத் தங்கதுரையை ஜவளகிரியில் இறக்கிவிட்டுப் போனது. தோளில் தாள் சுருள், ஒரு கையில் மை டப்பா, மறு கையில் தட்டுகிற தூரிகை. கல்வெட்டின் எழுத்தைத் தாளில் மைப்படியாக எடுக்க எப்போதும் இரண்டு பேர் வருவார்கள். இன்றைக்கு அவர் மட்டும்தான்.

மற்றவன் சென்றாயன். கெலமங்கலத்துக்காரன், நான்கு வயது இளையவன். முப்பத்தெட்டு நாளைக்கு முன் சானமாவுக் காட்டில் யானை மிதித்துச் செத்தான். ஆள் செத்தும் தங்கதுரையின் பொறாமை சாகவில்லை.

பல்கலைக்கழகத்தின் பழங்கால வரலாற்றுத் துறையில் இருவரும் சேர்ந்து செய்த ஆய்வு அது. எல்லையோரத்து நடுகற்களைத் தேடிப் பதிவு செய்ய வேண்டும். மூன்று வருடத்தில் பதினான்கு கிடைத்தன. பன்னிரண்டு சென்றாயன் கண்டவை. தமிழோ கன்னடமோ தெலுங்கோ, கேட்ட மொழியில் பேசுவான். ஊர்க்காரர்கள் அவனை உட்காரவைத்துக் களி போடுவார்கள். விழுந்து விழுந்து படித்த தங்கதுரை ஓரமாக நிற்பார். வயிறு எரியாதா? எரிந்தது.

பதினைந்தாவது கல்லையும் அவனே கண்டான். ஆறடி உயரம், தேயாத எழுத்து, யாரும் அறியாத ஒரு மன்னன் பெயர். கடிதம் போட்டுத் தங்கதுரைக்கு மட்டும் சொன்னான். மறுவாரமே செத்துப்போனான். தங்கதுரை கடிதத்தை அடுப்பில் போட்டார். அந்தக் கல்லைப் பற்றிய கட்டுரையில் தன் பெயர் மட்டும் இருந்தால் ரீடராகப் பதவி உயர்வு நிச்சயம்.

கல் கெம்பம்மாவின் ராகிக் கொல்லையில் நின்றது. குடத்தில் தண்ணீர் கொண்டுவந்த அந்த அம்மாள் முதலில் கேட்டதே சென்றாயனைத்தான். அவனுக்கு மெட்ராஸுக்கு மாற்றலாகிவிட்டது என்றார் தங்கதுரை. செத்தான் என்றால் அழுவாள். அந்த அழுகையையும் நின்று கேட்க வேண்டும். அவள் களை எடுக்கப் போனாள்.

தாளை நனைத்துக் கல்லில் ஒட்டினார். தூரிகையால் தட்டித் தட்டித் தாளை எழுத்துக்குழிக்குள் இறக்க வேண்டும். அதுவரை கீழ் விளிம்பை ஒருவர் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும். அடித்த காற்றில் இரண்டு தாள்கள் கிழிந்து பறந்தன.

மூன்றாவது தாள் நின்றது.

காற்று குறையவில்லை. கொல்லை முழுக்கக் கதிர்கள் சாய்ந்து ஆடின.

தாள் அசையவில்லை.

நல்ல நேரம் என்று நினைத்துத் தட்டினார். அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில் யாரோ மூச்சுக்குள் எண்ணினார்கள். ஒகட்டி, ரெண்டு, மூடு. தட்டு பிசகாமலிருக்க சென்றாயன் அப்படித்தான் தெலுங்கில் எண்ணுவான்.

தங்கதுரை தட்டுவதை நிறுத்தினார்.

எண்ணுவது நிற்கவில்லை.

ஈரத் தாளின் வாசனையோடு பச்சை யானை லத்தியின் வாடை ஏறியது. குனிந்து பார்க்க அவருக்குத் துணிவில்லை. அந்தப் பயத்திலும் பழைய எரிச்சல் போகவில்லை. செத்த பிறகும் இதை விட்டுக்கொடுக்க மாட்டானா?

"இது என் கல்லுடா," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "போயிடு."

மை ஒற்றி, காயவிட்டு, உரித்துச் சுருட்டும்போது கெம்பம்மா களைக்கொத்தோடு வந்தாள்.

"மாத்தலாயிப் போயிட்டாருன்னீங்களே சார்," என்றாள். "இம்மா நேரம் உங்க காலாண்ட குந்திக்கினு காயிதத்தப் புடிச்சிக்கினு இருந்தாரே. கூப்புட்டேன், திரும்பல. சட்டையெல்லாம் ஏன் சார் அவ்ளோ சேறு?"

தங்கதுரை சுருளை அள்ளிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார்.

பத்து நாள் கழித்துத் துறைத் தலைவர் அதைத் தம் மேசையில் விரித்தார். எழுத்து அவ்வளவு தெளிவு. மகிழ்ந்துபோனார். பிறகு கீழ் விளிம்பைப் பார்த்தார். மை ஏறாமல் அங்கே பத்து விரல்தடங்கள், இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஐந்து.

"கூட யாரு பிடிச்சது? பேரைச் சொல்லுங்க, கட்டுரையில சேர்த்திடலாம்."

"யாருமில்ல சார். நான் மட்டுந்தான்."

தலைவர் ஒரு தடத்தைத் தொட்டுவிட்டுச் சட்டென்று கையை எடுத்தார். தாள் மொடமொடவென்று காய்ந்திருந்தது. அந்தப் பத்து இடங்களில் மட்டும் ஈரமும் சூடும் இருந்தன.

அவர் தாளைச் சுருட்டப் பார்த்தார். மேல் பாதி சுருண்டது.

கீழ் விளிம்பு மேசையை விட்டு வரவில்லை.