விரலில் சுற்றிய வாழைநார்

தொபீர்!

"அய்யய்யோ...!"

கீழேயிருந்து வந்த அலறலில், சிங்க் தண்ணீரைக் கொட்டிய வாளியைச் சுபாஸ்ரீ கீழே வைத்தாள். அடுப்படி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். சந்தில் ஒரு வெள்ளைச் சட்டை... இப்போது வெள்ளை இல்லை. தலையில் கறிவேப்பிலை. கையில் திராட்சைப் பெட்டி. அண்ணாந்த இரண்டு கண்கள்... மழைக்கு முந்தைய மேகம் மாதிரி கறுகறுவென்று...

"ஏங்க, மழை வரும்னு பார்த்தா, சாம்பார்ல வருது!"

"மன்னிச்சிருங்க... இது முட்டுச்சந்து. யாரும் வர மாட்டாக. சிங்க் அடைச்சுக்கிச்சு..."

இன்னும் கொஞ்ச நேரத்தில் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிடுவாள். கிட்னியில் கல், ஆபரேஷன். 'வீட்டை நான் ஒத்தையாவே பார்த்துக்கிருவேன்' என்று வீறாப்புப் பேசியாயிற்று. இங்கே சிங்க் நிறைய நாற்றத் தண்ணீர்...

"மேல வந்து பார்க்கவா?"

"வேணாம். எனக்கே தெரியும்!"

சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. கீழே அவன் நகரவேயில்லை.

"இப்ப நல்ல தண்ணியில குளிச்சிட்டேன்... வரலாமா?"

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. வாசல் கதவை விரியத் திறந்து வைத்தாள்.

கனடாவிலிருந்து வந்திருந்த அண்ணன், சிங்க்குக்கு அடியில் மாட்டிவிட்டுப் போன குப்பை அரைக்கிற மெஷின் அது. சுவிட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்று முனகியதே தவிர, சுற்றவில்லை.

"மொதல்ல பிளக்கைப் புடுங்குங்க. உள்ள என்ன போட்டீக?"

"வாழைத்தண்டு... அம்மாவுக்கு ஜூஸ் போட்ட சக்கை, நாரு எல்லாம்..."

"நாரு அரையுமாக்கும்? உள்ள கயிறு திரிச்சிருக்கும்!"

"கனடாக்கார அண்ணனுக்கு வாழைத்தண்டைப் பத்தி என்ன தெரியும்!"

டார்ச்சை அடித்து, இடுக்கியால் நார் முனையைக் கவ்வி இழுத்தான். தண்டு நறுக்கும்போது செய்கிற வழக்கத்தில், அவள் ஆள்காட்டி விரலில் அதைச் சுற்றத் தொடங்கினாள். வந்துகொண்டே இருந்தது நார்... விரல்கள் உரசின. நிமிர்ந்தார்கள். சட்டென்று குனிந்துகொண்டார்கள்...

பிளக்கை மாட்டினான். கர்ர்ர்... கொடகொடவென்று தண்ணீர் இறங்கியது!

"ரொம்ப நன்றிங்க..." அவள் கண் நிறைந்துவிட்டது.

"அதைச் சொல்லத்தான் நான் வந்..."

வாசலில் ஆட்டோ. சித்தியின் தோளைப் பிடித்தபடி அம்மா சொர்ணலதா உள்ளே வந்தாள். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட... ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில் முத்துமாரியம்மா மகன் விஜய்ராஜ்தானே! காமயகவுண்டன்பட்டி..."

"ஆமாம்மா. கொச்சிக்குத் திராட்சை லோடு கொண்டுபோய் மாட்டிக்கிட்டேன். அத்தனை நாளும் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டுனது உங்க மகதான்னு அம்மா சொல்லிச் சொல்லி அழுதாக. நன்றி சொல்லலாம்னு பின்னாடி முட்டுச்சந்துல நின்னேன், சாம்பார் அபிஷேகம் ஆயிருச்சு..."

"அதுக்கு வாசல் இருக்கே தம்பி. முட்டுச்சந்துல என்ன வேலை?"

அவன் காது சிவந்தது.

"வாசல் வரைக்கும் வந்து வந்து திரும்பிட்டேம்மா. நன்றி சொல்லிட்டா அப்புறம் இங்கன வர என்ன சாக்கு இருக்கு? எங்கம்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போன கடைசி நாள் வார்டு வாசல்ல பார்த்ததுலயிருந்து... எனக்கு உங்க மகளைப் புடிச்சிருக்கு."

அம்மா மகளைப் பார்த்தாள். அடுப்படியைப் பார்த்தாள். "பளிச்சுன்னு இருக்கே... ஒத்தையாவாடி செஞ்ச?"

வீறாப்பு எங்கே போயிற்றோ...

"இல்லம்மா. இவுக இல்லாட்டி முடிஞ்சிருக்காது. இனிமேலும்..." முடிக்கவில்லை. தலை குனிந்துகொண்டது.

"சரி சரி... அந்த நாரைக் கழட்டிட்டுக் கையைக் கழுவு."

சுபாஸ்ரீ விரலைப் பார்த்தாள். கெட்டியாக, மோதிரம் மாதிரி...

"இருக்கட்டும்மா..."