பயணத் தாலி

"விடுங்கோ! கையை விடுங்கோ எண்டுறன்!"

பளார்!

அறைந்த பிறகுதான் மனோகரி அவன் முகத்தைப் பார்த்தாள். தமிழ் முகம்! இந்த ஐப்பசி மழையில், ஈ காக்கை இல்லாத இந்த மலை விளிம்பில் ஒரு தமிழனா? சொட்டச் சொட்ட நனைந்த தலை, மழிக்காத கன்னம்... அந்தக் கண்கள்! அழுது முடித்த கண்களா, இனித்தான் அழப்போகும் கண்களா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"அடிங்க தங்கச்சி, இன்னும் அடிங்க. ஆனா அந்தப் பக்கம் போகாதீங்க," என்றான் மூச்சு வாங்க. "புருஷனோட சண்டையெண்டா இதுவா முடிவு? கழுத்தில தாலி இரிக்கு... நினைச்சுப் பாருங்க."

"கடவுளே! நான் குதிக்க வரேல்லை!"

"பிறகு?"

"இந்தச் சனியனை எறிய வந்தனான்!" கழுத்துத் தாலியைப் பிடித்து அவன் மூக்குக்கு முன்னால் ஆட்டினாள். "முடிச்சு அவிழுதில்லை. குனிஞ்சு நிண்டு இழுத்துக்கொண்டிருந்தன். அதுக்குள்ள வந்து கையை முறிக்கப் பாக்கிறீங்கள்!"

அவன் திகைத்துப் போய்க் கையை விட்டான்.

கீழே, பார்த்தாலே கால் கூசும் ஆழத்தில் றைன் ஆறு. இரண்டு பக்கமும் புல் பூண்டு ஒட்டாத வெள்ளைப் பாறைச் சுவர்கள். அடியில் ஊர்ந்து போன சிவப்பு ரயில் தீப்பெட்டி அளவுதான் இருந்தது. சுவிஸ்காரர் கைத்தடியும் முதுகுப்பையுமாக வந்து, ஆகா ஓகோ என்று நடக்கும் விளிம்புப் பாதை இது. நம்முடைய சனம் வருமா? ஆறு நாளும் கோப்பை கழுவிவிட்டு ஏழாம் நாள் மலை ஏற நமக்கென்ன விசரா? மனோகரி கூட, போன கோடையில் ஹோட்டல்காரர் எல்லோரையும் உல்லாசப் பயணம் கூட்டி வந்தபோதுதான் இந்த இடத்தைக் கண்டாள். டாவோஸில் ஒரு ஹோட்டலின் சலவை அறை அவளுக்கு வேலை. இப்போது ஹோட்டல் பூட்டியிருக்கும் காலம். அவள் தனியே வந்திருந்தாள்.

திட்டுவதற்கு இன்னும் நிறைய வைத்திருந்தாள். வாயைத் திறந்தவள், அவன் கால்களைக் கண்டு நிறுத்தினாள்.

வெறுங்கால். குளிரில் நீலம் பாரித்திருந்தது. சற்றுத் தள்ளி, விளிம்போரப் பாறையில் ஒரு சோடிச் சப்பாத்து... ஒழுங்காகப் பக்கத்தில் பக்கத்தில். காலுறைகள் உள்ளே மடித்து வைக்கப்பட்டிருந்தன. மேலே ஒரு கைக்கடிகாரம். கோயில் வாசலில் இப்படிக் கழற்றி வைக்கலாம். இந்த மலையில் எந்தக் கோயில்?

ஐயோ... சாக வந்தது இவன்! சாகப் போற நேரத்திலையும் ஆரோ ஒருத்தி விழப்போறாள் எண்டு வெறுங்காலோட ஓடி வந்திருக்கிறான்...

"உங்கட சப்பாத்து?" என்றாள் மெல்ல.

"கால் நொந்திச்சு. கழட்டி வைச்சன்." முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நீங்க போங்க தங்கச்சி. மழை கூடுது."

போவதா? இவனை இங்கே விட்டுவிட்டா? என்ன சொல்லி நிறுத்துவது? சாகாதே என்றால் சிரிப்பான். கையைப் பிடித்து இழுக்க அவள் யார்? மலைச்சரிவில் எங்கோ மாட்டு மணி ஒன்று கிணுகிணுத்தது.

"எனக்கு ஸ்டேஷனுக்கு வழி தெரியாது," என்றாள் சட்டென்று. பச்சைப் பொய்! காலையில் அந்த ஸ்டேஷனில் இறங்கித்தான் ஏறி வந்தாள். "பாதையில மாடு வேற நிக்குது. எனக்கு மாடெண்டாச் சரியான பயம்."

"மாட்டுக்கா?"

"ஏன், பயப்பிடக் கூடாதோ? எப்பிடிப் பெரிய மாடு! நீங்கள் கொண்டுபோய் விடாட்டில் நான் இதிலயே நிப்பன்."

அவன் ஆற்றைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு, ஒரு கடமையைத் தள்ளிப்போடுகிறவனைப் போல, சப்பாத்தை எடுத்து மாட்டினான். நாடா இரண்டையும் கட்டி முடிக்கும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை.

அவன் பெயர் வரதராசா. கூர் நகரில் வயோதிபர் இல்லம் ஒன்றில் வேலை. ஊர் மட்டக்களப்பு, கல்லடி.

"மட்டக்களப்போ! ஐயையோ," என்றாள். வாய் ஓயக் கூடாது, பேச்சு நின்றால் அவன் நின்றுவிடுவான் என்று பயந்தாள். "வந்த ஆளைத் திரும்பிப் போகவிடாமல் மந்திரம் போட்டுப் பாயில ஒட்ட வைச்சிடுவீங்கள் எண்டு எங்கட சாவகச்சேரிச் சனம் சொல்லும்."

"யாழ்ப்பாணத்தார் பாயில வந்து குந்தினாத்தானே ஒட்ட வைக்க!"

அட... சிரிக்கவும் தெரிகிறதே! அந்த ஒரு கணம் அவன் முகம் வேறாக இருந்தது. அவள் நெஞ்சு ஏனோ ஒருமுறை துள்ளி விழுந்தது. சீ, என்ன நேரத்தில் என்ன நினைப்பு!

பைக்குள் இருந்த பாணும் சம்பலும் எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்றான். பிடிவாதமாக நீட்டிக்கொண்டே நடந்தாள். வாங்கித் தின்றான்.

"உங்கட புருஷன்..." என்று இழுத்தான்.

"புருஷன் இல்லை. பாஸ்போட்டில இருந்தவர்."

சொன்னாள். பேர்ணில் மாப்பிள்ளை பார்த்து, ஏஜென்சிக்காரன் அவளைக் கூட்டி வந்த கதையை. தனிப்பெண் என்றால் விமான நிலையத்தில் பிடிப்பார்கள் என்று, கூட வந்த ஒரு பொடியனின் மனைவியாகப் பாஸ்போட் செய்தான். கொழும்பில் ஒரு கவரிங் தாலி வாங்கி, மஞ்சள் கயிற்றில் கோத்து, அந்தப் பொடியனையே கட்டச் சொன்னான். பாவம் அந்தப் பொடியன், "மன்னிச்சுக் கொள்ளுங்கோ அக்கா" என்று சொல்லிச் சொல்லித்தான் கட்டினான். இப்போது அவன் பாரிஸில் எங்கோ.

"வந்து இறங்கினால், மாப்பிள்ளையின்ர தாய் சொன்னா, ஒருத்தன் தாலி கட்டின கழுத்தாம், தங்கட மகன் தொடமாட்டானாம். மாப்பிள்ளை நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டார். நான் அந்த வாசலில நிண்டு கெஞ்சினனான் வரதன்... வேஷத்துக்குக் கட்டினது எண்டு அழுது கெஞ்சினனான். கதவைச் சாத்திப்போட்டினம். அண்டைக்கு நினைச்சன், கட்டின தாலி எண்டுதானே சொன்னனீங்கள், அப்ப கிடக்கட்டும் கழுத்திலை! இனி ஒரு ஆம்பிளையிட்டையும் கெஞ்சிறதில்லை எண்டு சத்தியம் பண்ணினனான்."

"இண்டைக்கு ஏன் எறிய வந்தீங்க?"

"இண்டைக்கு அந்த மாப்பிள்ளைக்குக் கலியாணம்."

மழை இலைகளில் சடசடத்தது. கவரிங் பூச்சுப் போய்க் கறுத்த தாலி அவள் கழுத்தில் பச்சைக் கறை போட்டிருந்தது. அதைப் பார்த்தபடி நடந்தவன், கேட்காமலே தன் கதையைத் தொடங்கினான்.

ஊரில் பொடியன்களைப் பிடித்துப்போகும் காலம். தம்பியை நான்தான் இங்கே வா வா என்று கூப்பிட்டேன் என்றான். எல்லைக் காட்டில் பனிக்குள் நடக்க முடியாமல் விழுந்தவனை ஏஜென்சிக்காரன் விட்டுவிட்டுப் போய்விட்டான். பொலிஸ் ஒரு படத்தைக் காட்டி, இவனா என்று கேட்டது. பெயர் தெரியாத ஒரு ஊர்ச் சவக்காலையில், தான் ஒருவனாக நின்று தம்பியைப் புதைத்துவிட்டு வந்தான்.

"அம்மாக்கு?"

"சொல்லல்ல. ஞாயிறு எண்டா டவுனில போன் கடைக்கு வந்து காவலிருப்பா. தம்பி வேலையில நிக்கிறான் எண்டுவன். குளிக்கிறான் எண்டுவன். தொண்டை கட்டிட்டு எண்டுவன்... போன கிழமை சொல்லிட்டா, அடுத்த ஞாயிறு அவன்ட குரலைக் கேக்காம வீட்ட போகமாட்டன் எண்டு." பாதையோரக் கல்லொன்றைக் காலால் தட்டிவிட்டான். "இண்டைக்கு ஞாயிறு தங்கச்சி."

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு தாய்க்குப் பதில் சொல்ல முடியாமல்தான் இவன் சப்பாத்தைக் கழற்றியிருக்கிறான்.

பாதை பிரிந்தது. கீழே ஆற்றோரம் ஸ்டேஷனின் கூரை தெரிந்தது.

"மாடு இனி இல்லை. நேரா இறங்குங்க." அவன் திரும்பினான், மேலே, வந்த வழிக்கே. "எனக்கு... ஒண்டு விட்டுட்டு வந்திட்டன்."

போகிறான்! கெஞ்சு மனோகரி, காலில் விழுந்தாவது கெஞ்சு! அந்தச் சத்தியம் குறுக்கே நின்றது. அவன் முதுகு மழைக்குள் மங்கத் தொடங்கியது... சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது!

"வரதன்! நில்லுங்கோ! உங்களைக் கெஞ்சிக் கேக்கிறன், நில்லுங்கோ!"

நின்றான்.

"இந்த முடிச்சு... எனக்குக் கை எட்டுதில்லை. அவிழ்த்துவிட்டிட்டுப் போங்கோ."

"ஐயோ... பொம்பிளையின்ட கழுத்துத் தாலியில நான் எப்பிடிக் கை வைக்கிற?"

"கட்டினவன் வேஷத்துக்குக் கட்டினான். நீங்கள் உண்மையா அவிழ்த்துவிடுங்கோ."

பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு அவனுக்கு முதுகு காட்டி நின்றாள். குளிர்ந்த விரல்கள் பிடரியில் பட்டபோது உடம்பு சிலிர்த்தது. வியர்வையும் சவர்க்காரமும் ஊறி இறுகிப்போன முடிச்சு. நகத்தால் நெம்பினான், ஊதினான், மீண்டும் நெம்பினான். கழுத்தில் ஒரு துளி விழுந்தது. மழைதானே? இல்லை... மழை குளிரும். இது சுட்டது.

கயிறு வழுக்கி அவன் கைக்குள் விழுந்தது.

"அவிழ்த்த ஆள் அந்தரத்தில விட்டிட்டுப் போகேலாது," என்றாள் திரும்பாமலே. "ஊரில இருட்ட முந்திக் கடையைப் பூட்டிப் போடுவாங்கள். அம்மா பாத்துக்கொண்டிருப்பா. வாங்கோ."

"என்னத்தைச் சொல்லுவன்?"

"உள்ளதைச் சொல்லுங்கோ. நான் பக்கத்தில நிக்கிறன்."

ஸ்டேஷன் தொலைபேசிக் கூண்டில் ஒருவருக்குத்தான் இடம். இருவரும் நெருங்கி நின்றார்கள். கடைக்காரன் எடுத்தான். பிறகு அந்தக் குரல் வந்தது, மனோகரிக்கும் கேட்கும் அளவுக்கு உரத்து, ஆசையாக.

"மனே... தம்பிட்டக் குடு மனே."

வரதன் சுவரில் நெற்றியை முட்டினான். மனோகரி அவன் சட்டைக் கையை இறுகப் பிடித்தாள்.

"அம்மா... தம்பி இல்லம்மா. தம்பி வந்து சேரல்ல. வழியிலயே... பனிக்குள்ள... அம்மா, நான் பொய் சொன்னன். இவ்வளவு நாளும் பொய் சொன்னன் அம்மா..."

பிறகு கடல் தாண்டி வந்த அந்த ஓலம்! மனோகரி கண்ணை மூடிக்கொண்டாள். எந்தத் தாயும் அப்படி அழக் கூடாது. தொலைபேசி அட்டையில் காசு குறைந்துகொண்டே போனது. ஓலத்துக்கு நடுவில் திக்கித் திக்கி ஒரு கேள்வி வந்தது.

"நீ... நீ தனியவா மனே நிக்கிறாய்? உனக்குப் பக்கத்தில ஆருமில்லையா?"

ரிசீவரை அவள் வாங்கினாள்.

"அம்மா, நான் மனோகரி. அவர் தனிய இல்லை. நான் நிக்கிறன். விட்டிட்டுப் போகமாட்டன் அம்மா..."

இணைப்பு அறுந்தது.

வெளியே வந்தார்கள். மழை விட்டிருந்தது. அவன் மூடிய கையைத் திறந்தான், தாலிக் கயிறு உள்ளங்கையில் பதிந்து போயிருந்தது. மனோகரி அதை எடுத்துக்கொண்டு கரையோரம் போய், பலம் கொண்ட மட்டும் வீசினாள். றைன் ஆறு அதை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

"மனோகரி... அங்க மேல நான் எதுக்கு நிண்டனெண்டா..."

"தெரியும். சப்பாத்தைக் கண்டனான்."

அவன் விறைத்துப் போனான். "அப்ப... மாடு?"

"மாட்டுக்கு எனக்கென்ன பயம்? நான் ஊரில பால் கறந்து வைச்சிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனனான்." சிரிக்கப் போனவள் அழுதுவிட்டாள். "இண்டைக்கு எனக்கு இருந்த பயம் எல்லாம் நீங்கள்தான். உங்களை எனக்குப் பிடிச்சுப் போச்சு வரதன். இந்த ஒரு நாளைக்குள்ள எப்பிடியெண்டு தெரியேல்லை, பிடிச்சுப் போச்சு. ஒட்ட வைக்கிற ஊர்க்காரர்தானே... எங்கையும் போகாமல் என்னோட ஒட்டிக்கொண்டு இருங்கோ."

"உங்களைத் தங்கச்சி எண்டு கூப்பிட்டிட்டனே..."

"அதையும் சேத்துத்தான் ஆத்தில எறிஞ்சனான்."

ரயில் வரும் சத்தம் பள்ளத்தாக்கு முழுவதும் கேட்டது. தண்டவாளத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அவன் இரண்டடி பின்னால் நகர்ந்து வந்து, அவள் கையைப் பற்றிக்கொண்டான்.

"இண்டைக்குக் காலையில இல்ல மனோகரி... இப்ப இரிக்கு. எனக்கு உசிரோட இரிக்க ஆசையா இரிக்கு. உங்களோட."