ஐந்து சரி... ஒன்று தப்பு!

போன் அலறியது!

மருந்துக்கடைக்காரர் எடுத்தார்.

"எங்கப்பா போயிட்டாருய்யா... உங்க கடை மாத்திரையாலதான் போயிட்டாரு!"

ரிசீவர் கையிலிருந்து நழுவியது. இறந்தவர் அடுத்த தெரு ரிட்டயர்ட் ஜட்ஜ்! சர்க்கரை நோயே இல்லாத மனிதர். சர்க்கரையை இறக்கும் மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்தவர்... எழுந்திருக்கவேயில்லை.

அரைமணி நேரத்தில் கடை வாசலில் போலீஸ் ஜீப்.

"நேத்து ஜட்ஜுக்கு மருந்து எடுத்துக் குடுத்தது யாரு?" என்று கேட்டபடி நுழைந்தார் அந்தப் பெண் இன்ஸ்பெக்டர்.

கடைக்காரர் யோசித்தார். நேற்று மதியம்... ஜட்ஜ் வந்தார். சிரித்தார். அப்புறம்?

அப்புறம் ஒன்றுமேயில்லை. அழித்துவிட்ட கரும்பலகை!

போன வருஷம் கொரோனாவில் இருபத்திரண்டு நாள் வென்டிலேட்டரில் கிடந்தவர். உயிர் வீடு வந்து சேர்ந்தது. ஞாபகம் மட்டும் பாதி வழியிலேயே எங்கோ இறங்கிவிட்டது.

"தெரியலை, மேடம்..."

"அண்ணன்தான் குடுத்தாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தான், கடையில் கூட நிற்கும் அவருடைய சொந்தத் தம்பி. "டாக்டர் சீட்டை மறந்துட்டு வந்துட்டாரு. ஜட்ஜ் ஐயா ஆறு மருந்தைக் கடகடன்னு வாயாலயே சொன்னாரு. அண்ணன் உள்ளே போயி, ஒரே நடையில ஆறையும் அள்ளிட்டு வந்தாரு. அஞ்சு சரி... ஒண்ணு மாறிப்போச்சு. எங்க தலையெழுத்து!"

கடைக்காரர் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"அப்ப நான்தான். கூட்டிட்டுப் போங்க மேடம்."

"சும்மா இருங்க!" மனைவி குறுக்கே பாய்ந்தாள். "செஞ்சதா ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"செய்யலைன்னும் ஞாபகம் இல்லையேடி!"

இன்ஸ்பெக்டர் அவரையே பார்த்தார்.

"சார், எனக்கு மூணு மருந்து வேணும். ஜுர மாத்திரை, இருமல் டானிக், கண்ணுக்கு விடற சொட்டு மருந்து. எடுங்க பார்ப்போம்."

இருபது வருஷமாக அவரே அடுக்கிய அலமாரிகள்தான். ஜுர மாத்திரை வந்தது. இரண்டடி நடந்தார்... நின்றார்... டானிக் பாட்டிலை எடுத்தார். அப்புறம் உதடு மட்டும் அசைந்தது. கூரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"இன்னொண்ணு... என்ன கேட்டீங்க?"

கண்ணில் நீர் முட்டியது.

"போதும் மேடம்! ஏன் இப்படி வதைக்கறீங்க?" மனைவி கதறினாள்.

"பார்த்தீங்களா?" தம்பி முந்திக்கொண்டான். "தினமும் இதே கூத்துதான்! ரெண்டுக்கு மேல சொன்னா அண்ணன் அவுட்டு!"

"ஓ... ரெண்டுக்கு மேல அவுட்டு." இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார். "அப்புறம் நேத்து மட்டும் ஒரே நடையில ஆறு எப்படிடா வந்துச்சு?"

தம்பி ஓரடி பின்வாங்கினான்.

"ஒண்ணு தப்பாப் போனது எனக்குப் பெரிசாப் படலை. அஞ்சு சரியா இருந்துச்சே... அதான் இடிச்சுது!"

"அ... அண்ணன் நடிக்கறாரு மேடம்!"

"தினமுமா?"

தம்பியின் பார்வை வாசல் பக்கம் ஓடியது.

"ஜட்ஜ் மேஜையில ஒரு புகார்க் கடிதம் கிடைச்சுது. சீட்டு இல்லாமத் தூக்க மாத்திரை விக்கறானாம் ஒருத்தன். இன்னிக்குத் தபால்ல போயிருக்க வேண்டியது. அனுப்பப்போறதா அவன்கிட்டயே சொல்லிட்டேன்னும் குறிச்சிருக்கார். உன் பேருதான் எழுதியிருக்கு... ஏறு ஜீப்புல!"

தம்பி தலை குனிந்தபடி ஏறினான். ஜீப் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

கடைக்காரர் அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

"நான் தூக்கி வளர்த்த பையன்டி அவன்... அப்ப, நான் கொல்லலையா? நிஜமாவா?"

"நிஜமாங்க."

"நாளைக்கும் கேப்பேன். கோச்சுக்காதே."

"கேளுங்க. தினமும் சொல்றேன்... அழாதீங்க."

"அழலைடி." மூக்கை உறிஞ்சினார். "நல்லவேளை... அந்த மூணாவது மருந்தையும் எடுத்துக் குடுத்திருந்தா, இந்நேரம் நான் உள்ளே!"