மூடிய லேயரின் வெளிச்சம்

மழை விட்டும் தெரு வழுக்கியது. பேனர் டிசைன் செய்யும் நின்ஃபா குடையை மடக்கிக்கொண்டு அந்தப் பச்சைக் கதவைத் தட்டினாள்.

"வா தாயி, வா! பேனர் அடிக்கிறவன் சாயங்காலத்தோட கடையச் சாத்திருவான்" என்று கதவைத் திறந்தான் ஃபாஸ்டோ. "பேனர்ல அண்ணன் பேர எடுத்துட்டு என் பேர போடணும். அஞ்சு நிமிஷ வேல."

"எல்லாரும் அப்படிச் சொல்லித்தான் கூப்பிடுறீங்க, தோன் ஃபாஸ்டோ. அப்புறம் 'இன்னும் கொஞ்சம் ஜொலிக்கணும்'னு என் உயிர வாங்குவீங்க."

பூயெப்லா நகரின் அந்தப் பேட்டையில் 'பிராசா', அதாவது 'கங்கு', என்றால் தெரியாதவர்கள் கிடையாது. தெருவை மறித்து ஒலிபெருக்கிகளை அடுக்கி, விடிய விடிய கும்பியா பாட்டுக்கு ஊரை ஆட வைக்கும் கூட்டம். அதை வளர்த்தவன் எலெயுதேரியோ. போன மாதம் தெருக் கம்பத்தில் ஏறிக் கொக்கி மாட்டி மின்சாரம் இழுத்தபோது ஷாக் அடித்துச் செத்தான். கீழே சுவிட்சருகே நின்றவன் தம்பி ஃபாஸ்டோ. கை தவறிச் சுவிட்சைப் போட்டுவிட்டேன் என்று அழுதான். பேட்டை நம்பியது.

பீரோ உயர ஒலிபெருக்கிகள் அடுக்கிய அறையில், செத்தவனின் கம்ப்யூட்டர் முன் நின்ஃபா உட்கார்ந்தாள். விதவை கிரெசென்சியா காபியோடு வந்து குனிந்தாள்.

"மகளே, தம்பி பேரக் கீழ சேத்துக்க. அவரு பேர மட்டும் அழிச்சிராத. அழிச்சவங்கள அவரு விடமாட்டாரு."

"அண்ணி! செத்தவனுக்கு எதுக்கு விளம்பரம்?" என்றான் ஃபாஸ்டோ.

"இன்னிக்கு ஆட்டத்துல மைக்ல பேரச் சொல்லி முதல் வாழ்த்தாவது அவருக்குச் சொல்லு. செத்தவங்களுக்குத்தான முதல் வாழ்த்து? ஊர் வழக்கம்தான?"

"என் மைக்ல அவன் பேரு வராது."

கிரெசென்சியா சிலுவை போட்டுக்கொண்டு வெளியே போனாள். நின்ஃபாவுக்குச் சிரிப்புதான் வந்தது.

பழைய கோப்பைத் திறந்தாள். கறுப்புத் திரையில் எலெயுதேரியோவின் பெயர் கங்காகக் கனன்றது. வித்தை அவளுக்குத் தெரிந்ததுதான். எழுத்துக்கு ஒரு நகல் எடுத்து, நகலை மங்கலாக்கி, ஆரஞ்சு ஏற்றி, எழுத்துக்கு அடியில் வைத்தால் ஜொலிக்கும். அவசரத்தில் அவள் பழைய பெயர் இருந்த அடுக்குகளை, அந்த லேயர்களை, அழிக்கவில்லை. பக்கத்திலிருந்த கண் சின்னங்களை மட்டும் அழுத்தி மூடினாள். பெயர் மறைந்தது.

'ஃபாஸ்டோ' என்று அடித்தாள். நகல் எடுத்தாள். மங்கலாக்கினாள். ஆரஞ்சு ஏற்றினாள்.

ஜொலிக்கவில்லை.

இன்னும் ஏற்றினாள். எழுத்துகள் சாம்பல் பூத்தாற்போல் கிடந்தன. அவற்றின் பின்னாலிருந்து மெல்ல ஒரு வெளிச்சம் கசிந்தது. பழைய பெயரின் வடிவத்தில்.

மூடிய கண் சின்னம் திறந்திருந்தது.

அவள் மூடினாள். திறந்தது.

மறுபடி மூடினாள்.

திறந்தது.

ரப்பர் கருகும் நாற்றம். ஒயர் மாட்டாத ஒலிபெருக்கிகளுக்குள் ஒரு 'ம்ம்ம்' ஆரம்பித்தது. மேசையிலிருந்த காபியின் மேல் வளையங்கள் ஓடின.

"தோன் ஃபாஸ்டோ... நான் கிளம்புறேன்."

"விளையாடுறியா? அழிடீ அவன!" அவன் குரல் உடைந்திருந்தது. அவள் தோளை அழுத்திப் பிடித்திருந்தான். "அழிச்சிட்டுப் போ!"

பிடி வலித்தது. பேனர்க்காரனுக்குக் கொடுத்துவிட்டால் இந்த வீட்டோடு தொல்லை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு, பழைய லேயரை இழுத்துக் குப்பையில் போட்டாள். விரல் நுனி சுரீரென்று சுட்டது.

திரை இருண்டது. அறையும் இருண்டது.

யாரோ மைக்கில் ஊதிப் பார்த்தார்கள்.

ஃபூ. ஃபூ.

"யாருடா அது?" ஃபாஸ்டோ பாய்ந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான். திரை மறுபடி கனன்றது. பிளக் அவன் கையிலேயே இருந்தது. கை மட்டும் அதைவிட்டுப் பிரியவில்லை. உடம்பு வெடவெடவென்று உதறியது. பற்களுக்கு நடுவே ஆரஞ்சு வெளிச்சம் தெரிந்தது.

எல்லா ஒலிபெருக்கிகளும் ஒன்றாகப் பேசின. நிதானமான, ஆட்டக்களத்துக் குரல்.

"முதல் வாழ்த்து... என் அருமைத் தம்பி ஃபாஸ்டோவுக்கு."

அவன் விழுந்தான்.

நின்ஃபா குடையை விட்டாள், பையை விட்டாள், கதவை நோக்கி ஓடினாள். முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் சிரித்தது.

"ரெண்டாவது வாழ்த்து, என் பேர அழிச்ச பொண்ணுக்கு."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இருட்டிவிட்ட தெருக்களில் வீடு வரை ஓடினாள்.

மழையில் அவர்கள் தெரு முழுக்க மின்சாரம் போயிருந்தது. வாசலில் நின்ற கணவன் டோரிபியோ கண்ணைச் சுருக்கிக்கொண்டு கையால் மறைத்தான்.

"யாரும்மா கூட வர்றது? அந்த லைட்ட அணைக்கச் சொல்லு, கண்ணு கூசுது!"

நின்ஃபா திரும்பினாள். தெரு காலியாக, கும்மிருட்டாகக் கிடந்தது.

மறுபடி அவனைப் பார்த்தாள். அவளுடைய நிழல் டோரிபியோவின் நெஞ்சில் கன்னங்கரேலென்று விழுந்திருந்தது. அதன் விளிம்பெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் மெல்லக் கனன்றுகொண்டிருந்தது.