வாய் வைத்த தண்ணீர்

“உன் பாட்டில்ல ஒரு வாய் தண்ணி குடிச்சதுக்கு நான் என்ன தெருநாயா, இப்படிப் பார்க்கற?” என்று சோப்பக்காவிடம் அவள் அண்ணி கேட்டது நாலு வீடு தள்ளிக் கேட்டது. நாலு வீட்டிலும் அதே நேரத்தில் ஜன்னல் கம்பியைத் துடைக்க வேண்டிய அவசியம் வந்துவிட்டது.

பாட்டில் புதியது. சைக்கிள் கம்பியில் மாட்டிக்கொள்ளும் வகை, உறிஞ்சிக் குடிக்க மூக்கு வைத்தது. அந்த மூக்கில் அண்ணியின் உதட்டு ஈரம் இருந்தது. சோப்பக்கா அதைச் செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சோப்பக்கா என்பது எங்கள் தெரு வைத்த பெயர். வேலை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். காலை எட்டு மணியிலிருந்து ஊராரின் சளியும் சிறுநீரும் மூடி போட்ட டப்பாக்களில் அவள் மேஜைக்கு வரிசையாக வரும்; முகம் சுளிக்காமல் பார்த்து எழுதி அனுப்புவாள். வீட்டுக்கு வந்தால் மட்டும் அண்ணன் கடித்து வைத்த பழமும் அண்ணி நக்கிய கரண்டியும் அவளுக்குக் குமட்டும். முப்பத்தெட்டு வயதாகியும் ஏன் கல்யாணமாகவில்லை என்று கேட்டவர்களிடம், மாப்பிள்ளை வாயை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு வரச் சொன்னால் எவன் வருவான் என்று அண்ணி திருப்பிக் கேட்பது வழக்கம்.

சண்டையின் வேர் பாட்டிலில் இல்லை, மாடி அறையில் இருந்தது. தனிக் குழாய், தனி அடுப்பு, உள்ளிருந்து தாழ் போட்டுக்கொள்ளத் தனிக் கதவு. இரண்டு வருடமாக அதைத்தான் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். தனியாக இரண்டு நாள் தாங்க மாட்டாள், கரப்பான் பறந்தால் கீழே ஓடி வருவாள் என்பது அண்ணியின் கட்சி. நடுவில் நசுங்கிக்கொண்டிருந்த அண்ணன் அன்று ஒரு வார்த்தை விட்டான்.

“மூணு நாள் சைக்கிள்ல தனியா போறேன்னியே, போ. யாருக்கும் போன் பண்ணாம, பஸ் ஏறாம சுத்திட்டு வா. வந்தா மாடிச் சாவி உனக்கு. பாதியில திரும்பினா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.”

வேலைக்குப் போய்வருவதைத் தவிர சைக்கிளில் எங்கும் தனியாகப் போகாதவள், பாட்டிலை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவி, மறுநாள் விடியலில் கிளம்பினாள்.

முதல் நான்கு மணி நேரம் சொர்க்கம். சங்கிலியின் மெல்லிய கிறுகிறுப்பு, ஈர மண் வாசனை, யாரும் எச்சில் படுத்தாத காற்று. பதினொரு மணிக்கு, கல் உடைக்கும் இடத்தைத் தாண்டி ஒரு சிமெண்ட் பஸ் நிறுத்தத்தில் நிழலுக்கு ஒதுங்கினாள். பெஞ்சில் சாம்பல் நிறப் போர்வைக்குள் ஒரு ஆள் படுத்திருந்தான். பால் திரிந்த பாத்திரத்தை நாலு நாள் மூடி வைத்துத் திறந்தால் வருமே, அந்த வாடை.

“தண்ணி” என்றான்.

கிளம்பிவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் ஊர் சுற்ற வந்தவள் கொஞ்சம் பெரிய மனதோடு இருக்க வேண்டாமா என்று ஒரு வீறாப்பு வந்துவிட்டது. மேலே படாமல் ஊற்றிவிடலாம் என்று ஒரு சாண் உயரத்தில் பாட்டிலைப் பிடித்து அழுத்தினாள். அவன் தலையைத் தூக்கினான். எதிர்பார்த்ததைவிட உயரமாக, கழுத்து அவ்வளவு நீளுமா என்று தோன்றும்படித் தூக்கி, வெள்ளையாகத் தோல் உரிந்த உதடுகளால் பாட்டிலின் மூக்கைக் கவ்விக்கொண்டான். இழுத்தாள், விடவில்லை. பாட்டில் உள்ளே ஒடுங்கி நசுங்கும்வரை உறிஞ்சினான். அத்தனை தண்ணீர் போயும் அவன் குரல்வளை ஒருமுறைகூட ஏறி இறங்கவில்லை. விழுங்கவே இல்லை.

அடுத்த வளைவில் பாட்டிலைச் சாக்கடையில் எறிந்தாள். கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்ததில் விரல் இடுக்கு எரிந்தது. ஒரு கடையில் சீல் வைத்த தண்ணீர் பாட்டில்கள் நான்கு வாங்கிக்கொண்டாள். அத்தோடு விட்டது என்று நினைத்தாள், பாவம்.

மாலையில் தங்கிய விடுதி அறையில் முதல் பாட்டிலைத் திறந்து அண்ணாந்து ஊற்றிக்கொண்டபோது தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலில் வந்ததல்லவா. கொஞ்சம் வழவழப்பாகவும் இருந்தது. அதற்கு வெயிலைச் சொல்ல முடியவில்லை. இரண்டாவது பாட்டிலிலும் மூன்றாவதிலும் அதே வழவழப்பு, கூடவே அந்த வாடை. மூன்றையும் கழுவுதொட்டியில் கவிழ்த்தாள். தண்ணீர் இறங்கிப் போன பிறகும் தொட்டியின் ஓரத்தில் நுரை நுரையாகக் கொஞ்சம் தங்கி நின்றது. அது என்னவென்று அவளுக்குத் தெரியாதா? தினமும் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்கிற பொருள்தானே.

இரண்டாம் நாள் சாலையோரம் ஒரு வாழைப்பழம் வாங்கினாள். தோல் முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. உரித்தாள். உள்ளே பழத்தில் பாதி இல்லை. மீதிப் பாதியில் பல் தடம், மேல்வரிசை கீழ்வரிசை தனித்தனியாக, ஈரத்தோடு. சாலையோரத்திலேயே குடல் வெளியே வருமளவு வாந்தி எடுத்தாள். பிறகு போனைக் கையில் எடுத்தாள். அண்ணனின் எண் திரையில் இருந்தது. அழுத்தினால் ஒரு மணி நேரத்தில் வண்டியோடு வந்து நிற்பான். அதன் பிறகு சாகும்வரை அண்ணியின் கரண்டிதான். போனை உள்ளே வைத்துவிட்டு மிதித்தாள்.

அதற்குப் பிறகு அவள் எதையும் வாயில் வைக்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம் கடைசி மேடு. வீடு கடையென்று ஒன்றுமில்லை. தார் உருகும் வாசனையும் தன் மூச்சின் இரைச்சலும் மட்டும். நாக்கு அட்டைபோல அண்ணத்தில் ஒட்டியிருந்தது. கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது, கண்ணுக்கு முன் கறுப்புப் பொட்டுகள் நீந்தின. மேட்டின் உச்சியிலிருந்து பார்த்தால் தூரத்தில் எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் கோபுரம் தெரியும். தெரிந்தது. இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர். அதற்கு முன் விழுந்துவிடுவோம் என்பதும் தெரிந்தது.

பையில் கடைசி பாட்டில்.

மூடியைத் திருகினாள். டிக்கென்று சீல் உடைந்தது. யாரும் திறக்காத பாட்டில். விளிம்பில் ஒரு நூல் தொங்கியது. எச்சில் நூல். வெயிலில் மின்னியது.

கண்ணை மூடிக்கொண்டு அண்ணாந்து கவிழ்த்தாள். தண்ணீர் விழவில்லை. குலுக்கினாள். நிறைய இருந்தது. விழவில்லை.

வாய் வைத்தால்தான்.

வைத்தாள்.

உள்ளேயிருந்து உதடு. குளிர்ந்த, தோல் உரிந்த உதடு. அவள் உதட்டோடு வட்டமாகப் பொருந்தியது. பின்னால் நாக்கு. தடியாக. நிதானமாக. அவள் பற்களை ஒவ்வொன்றாகத் தடவியது. எண்ணுவதுபோல.

தண்ணீர் வந்தது.

குடித்தாள்.

ஐந்தேகாலுக்கு எங்கள் தெருவில் வந்து இறங்கினாள். ஒரு சுற்று மெலிந்திருந்தாள், வேறு குறையில்லை. அண்ணன் சாவியை எடுத்து நீட்டினான். அண்ணி சண்டை எதுவும் போடாமல் உள்ளே போய்விட்டாள். எங்களுக்கெல்லாம் அதில் சற்று ஏமாற்றம்தான்.

ஆறு மாதத்தில் அண்ணன் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டான். வேலை உயர்வு என்றார்கள். லாரியில் சாமான் ஏறும்போது அண்ணி என் காதருகில் வந்து, “சாப்பாட்டு நேரத்துல மேல ரெண்டு வாய் மெல்லுது” என்றாள். அவளுக்கு எப்போதும் நாக்கு நீளம் என்று நினைத்துக்கொண்டேன். கீழ்வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமான தையல்காரரும் மனைவியும் குடி வந்தார்கள். மூன்றாவது வாரம் முன்பணத்தைக்கூடக் கேட்காமல் காலி செய்தார்கள். பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு உதவியாக இருந்த பெண், டப்பா கொண்டுவருகிற ஆளையே கட்டிக்கொண்டாள். கல்யாணப் பத்திரிகை வைக்க மாடிக்குப் போனவள் படியிலேயே போட்டுவிட்டு இறங்கி வந்தாள். அவர்களும் இப்போது இந்த ஊரில் இல்லை.

மாடியில் அவள் ஆசைப்பட்டபடி தனிக் குழாய், தனி அடுப்பு. கதவைத் தாழ் போட்டுவிட்டு இரண்டு தட்டு எடுத்து வைக்கிறாள். ஒரு கவளம் எடுத்து நன்றாக மெல்கிறாள். கூழாகும்வரை மென்று, விழுங்காமல், எதிர்த் தட்டில் துப்புகிறாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக் கண்ணை மூடிக்கொள்கிறாள். பின்னால் நக்கும் சத்தம் நிதானமாகக் கேட்கிறது. அது நிற்பதற்குள் அடுத்த கவளத்தை வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு நாள் பசி தாங்காமல் மென்றதை அவளே விழுங்கிவிட்டாள். அன்று அது அவள் தாடையைப் பிடித்துத் திறந்து, தொண்டைவரை வந்து எடுத்துக்கொண்டது.